புரதத்தின் தலையில் பழியைக் கட்டாதீர்கள்

அத்தை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கைலிக்கு மேல் போட்ட சட்டைக்குப் பொத்தான் மாட்டிக்கொண்டிருந்தார். மொத்தம் ஐந்து பொத்தான். நான் எதிரே உட்கார்ந்து, வட சிலாங்கூர்த் தோட்டங்களில் நெடுங்காலம் நிர்வாகியாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் பார்க்கின்சன் நோயைப் பற்றி எழுதிய கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தேன். மூன்று பக்கம். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது இரண்டு பொத்தான் ஏறியிருந்தது. மூன்றாவதைக் காஜாவின் வாய்வரை கொண்டுபோவார். அங்கே போனதும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று உருண்டு உரசும், பொத்தான் நழுவிவிடும். உதவிக்குக் கை நீட்டினால் அவருக்குக் கோபம் வரும். "நானே போட்டுக்கிறேன், விடுப்பா" என்பார்.

பெஸ்தாரி ஜெயா என்ற புதிய பெயர் அவர் வாயில் வராது, இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். அந்த வட்டாரத்துத் தோட்டங்களில் இருபத்திரண்டு ஆண்டுகள் மருந்தடித்தவர். காலையில் பெரட்டுக்கு நின்று, பதினாறு லிட்டர் பம்பை முதுகில் ஏற்றி, செம்பனை வரிசைக்குள் இறங்கினால் நண்பகலுக்கு மேல்தான் வெளியே வருவார்.

கட்டுரை சொல்வது இதுதான். பார்க்கின்சன் நோய் மூளையிலேயே இருக்கும் ஒரு புரதம் கெட்டுப்போவதால் வருகிறது, அது பிறவியோடும் மூப்போடும் சேர்ந்தது, வெளியிலிருந்து வரும் எதற்கும் அதில் பங்கில்லை. தோட்டத்தில் அடித்த பாராகுவாட் களைக்கொல்லிக்கு மூளைக்குள் நுழைய வழியே கிடையாது. தம் பணிக்காலத்தில் எந்தத் தோட்டத்திலும் இந்த நோயை அவர் பார்த்ததில்லை. மருந்தடித்தவர்களுக்கு ஏதாவது நேர்ந்திருந்தால் அது முகக்கவசமும் கையுறையும் போடாத அவர்களுடைய அலட்சியத்தால் நேர்ந்தது. ஆகவே 2020இல் அரசாங்கம் பாராகுவாட்டைத் தடை செய்தது அறிவியலுக்குப் புறம்பானது.

இத்தனையில் முதல் வாக்கியத்தின் முதல் பாதி மட்டும் உண்மை. அந்தப் பாதி உண்மையை முன்னால் நிறுத்தி மற்றதையெல்லாம் அதன் முதுகுக்குப் பின்னால் ஒளித்திருக்கிறார். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு பேரின் நடுக்கத்தையும் நடையையும் விவரித்துச் சிறு நூல் எழுதியது 1817இல். ஜெர்மனியில் ஃபிரெடரிக் லூயி, இந்த நோயில் இறந்தவர்களின் மூளைச் செல்களுக்குள் உருண்டை உருண்டையாக ஏதோ அடைந்துகிடப்பதை நுண்ணோக்கியில் கண்டது 1912இல். அந்த உருண்டை எதனால் ஆனது என்று தெரிய இன்னும் 85 ஆண்டுகள் ஆயின. 1997இல் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. தென் இத்தாலியின் கொந்தூர்சி ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு குடும்பத்திலும் சில கிரேக்கக் குடும்பங்களிலும் தலைமுறை தலைமுறையாக இறங்கிய நோய்க்கு, ஆல்ஃபா-சைனூக்ளின் என்ற புரதத்தின் மரபணுவில் இருக்கும் ஒரு பிழையே காரணம் என்று பாலிமெரோபூலஸ் குழுவினர் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டு மரியா கிராசியா ஸ்பில்லன்டினியும் மைக்கேல் கோடெர்ட்டும் அவர்களுடன் வேலை செய்தவர்களும், லூயி கண்ட உருண்டைகளில் குவிந்திருப்பது அதே புரதம் என்று காட்டினார்கள்.

140 அமினோ அமிலங்களைக் கோத்த சின்னச் சரம் அது. நரம்பு முனைகளில் டோபமின் முதலிய பொருள்களைச் சுமக்கும் நுண்பைகளின் போக்குவரத்துக்கு உதவுகிறது. நல்ல நிலையில் அதற்கென்று நிலையான வடிவம் கிடையாது, நூல் போல நெகிழ்ந்து கிடக்கும். கெட்டால் தட்டையாக மடிந்து, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, நாராக நீளும். மடிந்த ஒன்று பக்கத்தில் இருக்கும் நல்லதையும் தன்னைப் போல மடிய வைக்கும். நடுமூளையில் கரும்பொருள் என்று சொல்லும் பகுதியில் டோபமின் சுரக்கும் செல்கள் இப்படியே ஒவ்வொன்றாகச் சாகின்றன. கை நடுங்கத் தொடங்கும்போது அவற்றில் பெரும்பங்கு ஏற்கெனவே போயிருக்கும்.

இதுவரை அவருக்கும் எனக்கும் சண்டை இல்லை.

ஆனால் அந்தப் புரதம் எனக்கும் இருக்கிறது, அவருக்கும் இருக்கிறது. இதைப் படிக்கிற எல்லார் மூளையிலும் இருக்கிறது. கொந்தூர்சிக் குடும்பத்துக்கு இருந்ததைப் போன்ற பிறவிப் பிழை உலகத்திலேயே விரல்விட்டு எண்ணத்தக்க குடும்பங்களில்தான் உண்டு. வேறு மரபணுக்களின் ஒற்றைப் பிழையால் நோய் வருபவர்களையும் கூட்டிச் சேர்த்தாலும் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் தேறுவார். மிச்சம் ஒன்பது பேருக்கு, எல்லாரிடமும் சாதுவாக இருக்கும் புரதம் ஏன் கெட்டது? மூன்று பக்கம் எழுதியவர் இந்த ஒரு கேள்வியை ஒரு வரியில்கூடக் கேட்கவில்லை.

கித்தாத் தோட்டத்தில் வேலை பார்த்த யாருக்கும் இது புரியும். மங்கில் விழும் ரப்பர்ப் பால் தண்ணீராகத்தான் இருக்கும். எடுக்காமல் விட்டால் நேரமாக ஆகத் தானே கட்டும். ஆலைக்குக் கொண்டுபோய் ஃபார்மிக் அமிலம் சேர்த்தால் சீக்கிரமே உறைந்து பாளமாகும். உறைவது பாலின் குணம்தான். வயதானால் புரதம் கெடுவதும் அதுபோலத்தான், அதை யார் மறுத்தார்கள்? ஆனால் காலை பத்து மணிக்கே பால் கட்டியாகக் கிடந்தால், அதில் யார் எதை ஊற்றியது என்று முதலில் கேட்டிருக்கக்கூடியவர் இந்தக் கட்டுரையை எழுதிய நிர்வாகிதான். பால் விஷயத்தில் கேட்கத் தெரிந்த கேள்வி மனுஷி விஷயத்தில் அவருக்கு எழவில்லை.

என்ன ஊற்றினார்கள் என்பதற்கு அறிவியலில் தடயம் இருக்கிறது. 1982இல் கலிஃபோர்னியாவில் இளைஞர்கள் சிலர் மரக்கட்டை போல அசைவற்று மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்கள். முதுமையில் முற்றிப்போன பார்க்கின்சன் நோயாளிகளின் நிலை அது. ஆனால் அவர்கள் வயதில் சின்னவர்கள். திருட்டுத்தனமாகத் தயாரித்த போதை மருந்தை ஊசியில் ஏற்றியிருந்தார்கள், அதில் எம்.பி.டி.பி. என்ற வேதிப்பொருள் கலந்திருந்தது. வில்லியம் லாங்ஸ்டன் அதைத் துப்புத் துலக்கி 1983இல் வெளியிட்டார். வெளியிலிருந்து வரும் ஒரு பொருள், புட்டியில் அடைக்கக்கூடிய ஒன்று, கரும்பொருள் செல்களைத் தேடிப்பிடித்துக் கொல்ல முடியும் என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது. வெளிப்பொருளுக்குப் பங்கே இல்லை என்று இன்றைக்கு எழுதுபவர் நாற்பது ஆண்டுக்கு மேல் பின்தங்கியிருக்கிறார்.

எம்.பி.டி.பி. மூளைக்குள் போய் எம்.பி.பி. அயனியாக மாறித்தான் கொல்கிறது. அந்த அயனியின் மூலக்கூறு வரைபடத்தையும் பாராகுவாட்டின் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பள்ளிப் பிள்ளைக்குக்கூட ஒற்றுமை தெரியும். இரண்டு வளையங்களில் ஒன்று மட்டும் வேறு, அவ்வளவுதான். எம்.பி.பி.யையே சைபர்குவாட் என்ற பெயரில் களைக்கொல்லியாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். உருவம் ஒத்துப்போனால் செயலும் ஒத்துப்போகும் என்று நான் வாதாடவில்லை. இரண்டும் செல்லைக் கெடுக்கும் விதம் வேறு வேறு. ஆனால் இந்த ஒற்றுமையைப் பார்த்த ஆய்வாளர்கள் அன்றே பாராகுவாட்டின் மேல் கண் வைத்தார்கள்.

பாராகுவாட் வேலை செய்யும் விதம் எளியது, கொடியது. இலையில் சூரிய ஒளியால் கிளம்பும் எலெக்ட்ரானைப் பிடுங்கி ஆக்சிஜனிடம் கொடுக்கும். ஆக்சிஜன் வெறிகொண்ட பொருளாக மாறி இலையின் சவ்வுகளைக் கிழிக்கும். கொடுத்துவிட்டு மறுபடி பிடுங்க வரும், மறுபடி கொடுக்கும். ஒரே மூலக்கூறு தான் தீராமல் ஆயிரம் முறை இதைச் செய்யும். காலையில் அடித்த புல் வெயில் ஏற ஏற வாடி வெளுப்பது அதனால்தான். மனித உடலிலும் எலெக்ட்ரானுக்குப் பஞ்சமில்லை. குடித்தவர்களின் நுரையீரலை அது இதே முறையில்தான் அழிக்கிறது. அதற்கு முறிமருந்து இன்றுவரை கிடையாது.

இனி அவர் சாட்சிக்கு அழைத்த புரதத்திடமே வருகிறேன். 2001இல் உவர்ஸ்கி, லீ, ஃபிங்க் மூவரும் தூய ஆல்ஃபா-சைனூக்ளினைச் சோதனைக் குழாயில் எடுத்து, அதில் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி சிலவற்றைச் சேர்த்துப் பார்த்தார்கள். புரதம் நாராகத் திரளும் வேகம் கூடியது. வேகத்தைக் கூட்டியவற்றில் பாராகுவாட்டும் ஒன்று. மறு ஆண்டு அதை உயிருள்ள எலிகளிடம் பார்த்தார்கள். பாராகுவாட் செலுத்திய எலிகளின் மூளையில் ஆல்ஃபா-சைனூக்ளின் கூடுதலாகச் சுரந்தது, கரும்பொருள் செல்களுக்குள் திரண்டும் கிடந்தது. ஆய்வுக் கட்டுரையின் தலைப்பே அதைச் சொல்கிறது. மருந்தா புரதமா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி நம்மைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறாரே, அந்த இரண்டும் ஒரே கண்ணாடிக் குழாய்க்குள் சேர்ந்து இயங்கியதைப் பார்த்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. புரதத்தைக் காட்டி மருந்தை விடுவிக்க நினைத்தார். அந்தப் புரதம் மருந்துக்கு எதிராகத்தான் சாட்சி சொல்கிறது.

அடுத்தது, மூளைக்குள் வழி கிடையாது என்ற பேச்சு. பாராகுவாட்டுக்கு மின்னூட்டம் உண்டு, மூளையின் இரத்தக் குழாய்ச் சுவர் மின்னூட்டம் உள்ள பொருளை உள்ளே விடாது, எனவே கதை முடிந்தது என்கிறார். பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு மூடிவிட்டார். சுவர் என்று இருந்தால் அதில் வாசலும் இருக்கும். மூளைக்கு அமினோ அமிலம் வேண்டும், அவற்றை ஏற்றி உள்ளே கொண்டுபோக அந்தச் சுவரில் கடத்திப் புரதங்கள் இருக்கின்றன. பாராகுவாட் அந்த வாசல் வழியாகத்தான் நுழைகிறது என்பதற்கு எலிகளில் சான்று கிடைத்திருக்கிறது. அதே வாசலைப் பயன்படுத்தும் லெவோடோப்பாவையோ வாலின் என்ற அமினோ அமிலத்தையோ முன்கூட்டியே கொடுத்தபோது, வாசலில் நெரிசலாகி எலிகளின் மூளை பாராகுவாட்டிடமிருந்து தப்பியது. மெக்கார்மக், டி மொன்டே இருவரும் 2003இல் வெளியிட்ட முடிவு இது.

லெவோடோப்பா என்பது அத்தை தினமும் விழுங்கும் மாத்திரை. அதைச் சோற்றோடு சேர்த்துப் போடக்கூடாது, அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆரம்பத்தில் அத்தைக்கு அது மனசில் பதியவில்லை. கெம்போங் மீன் சம்பலும் சோறும் சாப்பிட்ட கையோடு மாத்திரையைப் போட்டுக்கொள்வார். அன்றைக்கெல்லாம் கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நிற்பார், கழிவறை வாசற்படியைத் தாண்ட ஐந்து நிமிடம் ஆகும். மீனிலிருந்து வந்த அமினோ அமிலங்களும் மாத்திரையும் ஒரே வாசலில் முண்டியடிக்கின்றன, மாத்திரை வெளியே நின்றுவிடுகிறது என்று செவிலியர் ஒருவர் பொறுமையாக விளக்கிய பிறகுதான் நேரம் பார்த்துச் சாப்பிடத் தொடங்கினார். வாசல் இல்லை என்று எழுதிய மனிதர், இந்த நோய் கண்டவர் வீட்டில் ஒரே ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தால் வாசலைப் பார்த்திருப்பார்.

உள்ளே போன பிறகு, டோபமின் செல்கள் மட்டும் ஏன் குறிப்பாக அடிபடுகின்றன? 2011இல் அதற்கும் ஒரு விடை வந்தது. மூளைக்குள் ஒரு எலெக்ட்ரானை வாங்கிக்கொண்ட நிலையில் இருக்கும் பாராகுவாட்டை, டோபமினைத் திரும்ப உறிஞ்சும் கடத்திப் புரதம் தன் சரக்கு என்று நினைத்துச் செல்லுக்குள் இழுத்துக்கொள்கிறது. அங்கே ஏற்கெனவே டோபமினால் ஆக்சிஜனேற்ற அழுத்தம் அதிகம்.

தம் காலத்தில் எந்தத் தோட்டத்திலும் நோயைப் பார்த்ததில்லை என்று எழுதியிருக்கிறார். இந்த வரியைப் படித்தபோதுதான் எனக்குக் கை நடுங்கியது. பார்க்கின்சன் ஒரே நாளில் வருவதில்லை. ஹைகோ பிராக் 2003இல் வகுத்துக் காட்டியபடி, கெட்ட புரதம் பலருக்கு முதலில் தென்படுவது மூக்கோடு இணைந்த பகுதியிலும் குடலோடு இணைந்த நரம்பின் வேரிலும்தான். பல ஆண்டுகள் கழித்துத்தான் கரும்பொருளுக்கு வந்து சேர்கிறது. எல்லா நோயாளிக்கும் இந்த வரிசை பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் மூக்கும் குடலும் வெளிக்காற்றும் வெளிப்பொருளும் முதலில் தொடும் இடங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் லிம் ஷென்-யாங், டான் ஐ ஹுவே போன்ற மருத்துவர்கள் இந்த நோய்க்கும் குடலுக்கும் உள்ள தொடர்பை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்துவருகிறார்கள்.

பாராகுவாட்டை யாரும் தெரியாமல் குடித்துவிடக் கூடாது என்பதற்காக அதில் நீலப்பச்சைச் சாயமும் குமட்டும் வாடையும் சேர்த்திருந்தார்கள். அத்தைக்கு மருந்தின் பெயர் தெரியாது. நிறமும் வாடையும் தெரியும். வேறு மருந்துகளும் மாற்றி மாற்றி அடித்ததாகச் சொல்வார். அந்த வாடையை இன்றும் முகத்தைச் சுளித்துக்கொண்டு விவரிக்கிற அத்தைக்கு, அடுப்பில் குழம்பு அடிப்பிடித்துக் கருகினால் தெரிவதில்லை. கை நடுங்குவதற்குப் பத்து வருடம் முன்பே அது தொடங்கிவிட்டது. அப்போது அவர் தோட்டத்தை விட்டு வந்தாயிற்று. பல்லாண்டு கழித்து வெளிப்படும் நோயை, வேலை செய்யும் வயதில் இருந்தவர்களிடம் தேடிவிட்டு, கண்ணில் படவில்லை என்று சொல்வது பார்வையற்ற சாட்சியம்.

எங்கே தேடியிருப்பார்? கித்தா போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்பும் சாலையும் வந்தன. ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் ஜெராமிலும் ரவாங்கிலும் லயங்கள் இடிந்தன. மருந்தடித்தவர்கள் மலிவு விலை அடுக்குமாடிகளில், மகன் வீட்டு அறையில், மகள் வீட்டு ஹாலில் சிதறிக் கிடக்கிறார்கள். தோட்ட மருந்தக டிரேசரின் நோட்டில் கை நடுக்கம் என்றும் நரம்புத் தளர்ச்சி என்றும் எழுதி வைட்டமின் கொடுத்ததோடு கணக்கு முடிந்தது. அந்தத் தோட்ட மருந்தகங்களும் இன்று இல்லை. நரம்பு நிபுணரைப் பார்க்க கோல சிலாங்கூரிலிருந்து கிள்ளானுக்கோ கோலாலம்பூருக்கோ போக வேண்டும். எண்ணிப் பார்க்காத இடத்தில் எண்ணிக்கை பூஜ்யம்தான் வரும். அந்தப் பூஜ்யத்தை எடுத்து நம் முகத்தில் காட்டுகிறார்.

எண்ணிப் பார்த்த இடங்களில் என்ன தெரிந்தது? அமெரிக்காவில் விவசாய மருந்து தெளிப்பவர்களையும் அவர்கள் குடும்பத்தினரையும் தொடர்ந்த ஆய்விலிருந்து 110 நோயாளிகளையும் 358 நோயற்றவர்களையும் ஒப்பிட்டுக் கேரலின் டானர் குழுவினர் 2011இல் எழுதினார்கள். பாராகுவாட் பயன்படுத்தியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு இரண்டரை மடங்கு. அதே மக்களிடம் 2012இல் இன்னொன்று பார்த்தார்கள். நச்சைச் செயலிழக்க வைக்கும் ஒரு நொதியின் மரபணு சிலருக்குப் பிறவியிலேயே இருப்பதில்லை. அப்படிப்பட்ட ஆண்கள் பாராகுவாட்டையும் கையாண்டிருந்தால் வாய்ப்பு பதினோரு மடங்காக ஏறியது. மரபணு இருந்தவர்களிடம் ஒன்றரை மடங்கு. பிறவியா மருந்தா என்று பிரித்துக் கேட்கும் கேள்வியே தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா? மரபு வழியில் பலவீனமானவர்களைத்தான் மருந்து கூடுதலாகத் தாக்கியது. பிறவிக் குறை இருக்கிறது என்று தெரிந்தால் அவர்களை மருந்திடமிருந்து காப்பாற்ற வேண்டும். அந்தக் குறையைக் காட்டி மருந்தைக் காப்பாற்றுகிறார் இவர்.

எல்லா ஆய்வும் ஒரே பக்கம் பேசவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், அவர் மறைப்பதைப் போல நான் மறைக்க மாட்டேன். அதே அமெரிக்கத் தெளிப்பாளர்களைப் பெரிய அளவில் தொடர்ந்து 2020இல் வந்த ஆய்வில், பாராகுவாட் பயன்படுத்தியவர்களிடம் பொதுவாக நோய் கூடியதாகத் தெரியவில்லை. முன்பு தலையில் அடிபட்டவர்களிடம் மட்டும் கூடியிருந்தது. தயாரிப்பாளர்களும் இந்தத் தொடர்பை இன்றுவரை மறுக்கிறார்கள். ஆனால் அந்த ஆய்வில் தெளித்தவர்களில் மிகப் பெரும்பான்மையினர் ஆண்கள், நிறையப் பேர் டிராக்டரில் பொருத்திய கருவியால் தெளித்தவர்கள். கைலியை முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டி, முதுகில் ஒழுகும் பம்போடு, ஈரம் சொட்டும் புல்லுக்குள் நடந்து, வருடத்தில் பெரும்பகுதி அதே வேலையைச் செய்த நம் பெண்களைப் போல யாரும் அந்தக் கணக்கில் இல்லை. அத்தைக்கு வந்த நோய்க்கு அந்த மருந்துதான் காரணம் என்று நான் எழுத மாட்டேன். ஒரு தனி ஆளைப் பார்த்து அப்படி அடித்துச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்லும் உரிமையும் கட்டுரையாளருக்குக் கிடையாது. அவர் சொல்லிவிட்டார்.

அலட்சியம் என்ற சொல்லைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று டிகிரி வெயிலில், காற்றே புகாத செம்பனை நிழலின் புழுக்கத்தில், ரப்பர் கையுறையும் முகக்கவசமும் போட்டுப் பம்பு அடித்தால் ஒரு மணி நேரத்தில் மூச்சு முட்டும். அந்தக் கவசத்தைப் போட்டுக்கொண்டு எந்த நிர்வாகியும் ஒரு வரிசை முழுக்க நடந்து காட்டியதை அத்தை பார்த்ததில்லை. அவருக்குக் கிடைத்தது பழைய சட்டை, தலையில் ஒரு துண்டு, மூக்கில் இன்னொரு துண்டு. மருந்து கலக்கியது தோம்பில், கையை விட்டு. பம்பின் மூடியிலிருந்து வழிந்தது நடுமுதுகில் இறங்கி இடுப்பில் தேங்கும், வேலை முடியும்வரை அப்படியே நிற்கும். கழுவியது வாய்க்கால் தண்ணீரில். மூக்கிலிருந்து இரத்தம் வருவதும் விரல் நகம் கறுத்து விழுவதும் அந்தக் கூட்டத்தில் யாருக்கும் புதிதல்ல, நகம் மறுபடி முளைத்துவிடும் என்று சிரிப்பார்களாம். அத்தையின் வலது கைச் சுண்டுவிரல் நகம் மட்டும் இன்றும் கோணலாக, மேடும் பள்ளமுமாக இருக்கிறது. கர்ப்பமாக இருந்தபோதும் ஆறாவது மாதம்வரை பம்பு தூக்கியிருக்கிறார். தூக்காத நாளுக்குச் சம்பளம் இல்லை.

இவை எதுவும் ரகசியமாக இருந்ததில்லை. தெனாகனித்தா அமைப்பும் பூச்சிக்கொல்லிகளுக்கு எதிரான ஆசிய பசிபிக் வலையமைப்பும் சேர்ந்து 2002இல் மலேசியத் தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் நிலையை ஆவணப்படுத்தி அறிக்கை வெளியிட்டன. தெனாகனித்தாவை நிறுவிய ஐரின் ஃபெர்னாண்டஸ் 2014இல் இறக்கும்வரை இதற்காகக் குரல் கொடுத்தார். அதே 2002 ஆகஸ்டில் மலேசியப் பூச்சிக்கொல்லி வாரியம் பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. தோட்டத் துறை எதிர்த்தது. 2006இல் தடை விலக்கப்பட்டது. முழுத் தடை நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரி 1இல். இடையில் பதினேழு ஆண்டுகள்! அதை விற்ற பெரிய நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் சுவிட்சர்லாந்து தன் மண்ணில் அதை 1989இலேயே விலக்கிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் கொடுத்த அனுமதியை 2007 ஜூலையில் அதன் நீதிமன்றமே ரத்து செய்தது. பாராகுவாட்டுக்கும் பார்க்கின்சனுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி வெளிவந்த ஆய்வுகளை ஐரோப்பிய ஆணையம் மதிப்பிடவே இல்லை என்பது நீதிபதிகள் சுட்டிய குறைகளில் ஒன்று. அறிவியலுக்குப் புறம்பானது எது, தடையா, அந்தப் பதினேழு ஆண்டுத் தாமதமா?

தடை வந்தால் விளைச்சல் விழுந்துவிடும் என்ற பயமுறுத்தலைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 2020க்குப் பிறகும் ஜெராமிலிருந்து சபாக் பெர்ணம்வரை செம்பனை குலை தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது.

கட்டுரையின் கடைசிப் பத்தியில் அவர் ஆறுதல் சொல்கிறார். கெட்ட புரதத்தைத் துடைத்தெடுக்கும் மருந்து வந்துகொண்டிருக்கிறது, பழையதைக் கிளறாமல் காத்திருப்போம் என்கிறார். ஆல்ஃபா-சைனூக்ளினைக் குறிவைத்த இரண்டு எதிர்ப்பொருள் மருந்துகளின் சோதனை முடிவுகள் 2022இல் வெளியாயின. பிராசினெசுமாப், சின்பானெமாப். இரண்டுமே தங்கள் முதன்மை இலக்கை எட்டவில்லை. ஆராய்ச்சி தொடர்கிறது, தொடரவும் வேண்டும். ஆனால் செத்த செல்லை எழுப்பும் மருந்து எதுவும் கையில் இல்லாத ஒரு நோயில், செல் சாகாமல் தடுப்பதுதான் நம்மால் முடிந்த மருத்துவம். காத்திருக்கச் சொல்பவருக்குப் பொத்தான் போடும் விரல் இன்னும் சரியாக வேலை செய்கிறது.

மற்ற நாடுகள் காத்திருக்கவில்லை. பூச்சிக்கொல்லியோடு வேலை செய்த விவசாயத் தொழிலாளருக்குப் பார்க்கின்சன் வந்தால் அது தொழில்நோய் என்று பிரான்ஸ் 2012இலேயே ஆணை பிறப்பித்து இழப்பீட்டுக்கு வழி செய்தது. ஜெர்மனியில் அரசின் மருத்துவ நிபுணர் குழு 2024இல் அதே முடிவுக்கு வந்து பரிந்துரை செய்தது. அங்கே திராட்சைத் தோட்டக்காரருக்குக் கிடைக்கும் நியாயம் செம்பனை வரிசையில் நடந்தவளுக்கும் சேர வேண்டும். அதற்கு முதல் தேவை ஆவணம். யார், எத்தனை ஆண்டு, எந்த மருந்தை அடித்தார்கள் என்று காட்டும் தாள்.

அந்தத் தாள் கட்டுரையாளர் போன்றவர்களின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் எந்தத் தீம்பாரில் எந்த நாள் யார் மருந்தடித்தார்கள் என்று கிராணி பெயர் பெயராக எழுதியிருப்பார், மாதம் முடிந்தால் நிர்வாகி கையெழுத்துப் போட்டிருப்பார். எந்த மருந்து எத்தனை டின் ஸ்டோரிலிருந்து போனது என்பதற்கும் கணக்கு இருந்தது. தோட்டம் விற்றபோது அந்தப் புத்தகங்கள் எங்கே போயின என்பது அவருக்கும் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் தெரிந்திருக்கும். மூளைப் புரதத்தைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு எழுதியவர், தம் காலத்துச் செக்ரோலையும் ஸ்டோர்க் கணக்கையும் தேடியெடுத்து நரம்பு மருத்துவர்களிடம் ஒப்படைக்கட்டும். மருந்தடித்தவர்களையும் அடிக்காதவர்களையும் அவர்களே எண்ணிச் சொல்லிவிடுவார்கள்.

அத்தை தம் கும்பலில் இருந்த பதினொரு பேரின் பெயரை எனக்குச் சொல்லிவிட்டார். ஏழு பேர் எங்கே இருக்கிறார்கள், எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டேன். மிச்ச நாலு பேரை அத்தைக்குக் கூப்பிடு பெயரில்தான் தெரியும். அவர்களுடைய முழுப் பெயரும் அடையாள அட்டை எண்ணும் அந்தச் செக்ரோலில் இருக்கும்.